மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே படித்தோம்? பிறகு எப்படிக் கடத்துகிறது?

படித்தது சரிதான். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், ஏபிஎஸ் போன்ற சாதாரண பிளாஸ்டிக்குகளில் எலெக்ட்ரான்கள் தத்தம் பிணைப்புகளிலேயே கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றின் மின்தடைத்திறன் (அளவையும் வடிவத்தையும் சாராமல் பொருளுக்கே உரிய மின்தடை) 10¹⁴ ஓம்-செமீக்கும் மேல். செம்புக்கு அது 0.0000017 ஓம்-செமீ. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபது சுழியங்கள் இருக்கின்றன. கடத்தும் பிளாஸ்டிக் என்று விற்கப்படுவதெல்லாம் இந்த இடைவெளியில் எங்கோ ஓரிடத்தில் நிற்பதுதான்.

அங்கே போய்ச் சேர இரண்டு வழிகள் உண்டு. சாதாரண பிளாஸ்டிக்கில் கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்), கார்பன் இழை, எஃகு இழை போன்ற கடத்தும் பொருளைக் கலப்பது ஒன்று. பாலிமரின் மூலக்கூறையே மின்சாரம் ஓடும்படி அமைப்பது மற்றொன்று. ஆலைகளில் டன் கணக்கில் புழங்குவது முதல் வகை. நோபல் பரிசு வாங்கியது இரண்டாவது வகை.

கார்பன் பிளாக் கலந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

கொஞ்சமாகக் கலந்தால் ஒன்றுமே நடக்காது. 3 சதவீதம், 5 சதவீதம் என்று கூட்டிக்கொண்டே போனாலும் மின்தடை இறங்காது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், அடுத்த இரண்டு மூன்று சதவீதத்துக்குள் மின்தடைத்திறன் பத்துப் படிகள்கூட (படி ஒவ்வொன்றும் பத்து மடங்கு) சரிந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. இந்தத் திருப்புமுனையைத் தொடர்பு வாசல் என்று சொல்லலாம். துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாத பாதை உருவாகும் அளவு அது. முழுதாகத் தொடவேண்டும் என்றுகூட இல்லை. இடைவெளி சில நானோமீட்டர்தான் என்றால் எலெக்ட்ரான் அந்தப் பிளாஸ்டிக் படலத்தைக் குவாண்டம் முறையில் ஊடுருவிக் கடந்துவிடும்.

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: இங்கே கடத்துவது பிளாஸ்டிக் அல்ல, அதற்குள் இருக்கும் வலை. அந்த வலை மூட்டையில் வரும் குருணையில் (வார்ப்பதற்கு முந்திய பிளாஸ்டிக் மணிகளில்) ஒரு நிலையில் இருக்கும். வார்த்து முடித்த பாகத்தில் வேறு நிலையில் இருக்கும். எனவே சப்ளையர் தரும் தாளில் உள்ள எண், உங்கள் பாகத்தின் எண் அல்ல.

எவ்வளவு கலக்க வேண்டும்?

எதைக் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உருண்டையான துகள்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால் பருமனளவில் சுமார் 16 சதவீதத்தில் பாதை உருவாகும். கார்பன் பிளாக் தனித்தனி உருண்டைகளாக இருப்பதில்லை. அது திராட்சைக் கொத்துபோல் கிளைவிட்ட திரள். கிளைகள் அதிகமானால் குறைந்த அளவிலேயே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கிளைகளுக்கு இடையே எவ்வளவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது என்பதைப் பார்த்து இதைக் கணிப்பார்கள்.

நடைமுறையில், சாதாரண கடத்து ரக ஃபர்னஸ் பிளாக் என்றால் எடையில் 15 முதல் 25 சதவீதம் தேவைப்படும். கெட்ஜென்பிளாக் போன்ற உட்குழிவான, உயர்கட்டமைப்பு ரகம் என்றால் 5 முதல் 10 சதவீதம் போதும். கார்பன் நானோகுழாய் 1 முதல் 4 சதவீதம். கார்பன் இழை 10 முதல் 20 சதவீதம். துருப்பிடிக்காத எஃகு இழை 5 முதல் 10 சதவீதம். எஃகு கனமானது என்பதால் எடையில் 7 சதவீதம் என்பது ஏபிஎஸ்ஸில் பருமனளவில் வெறும் 1 சதவீதம்தான். 8 மைக்ரான் தடிமனும் 5, 6 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இழை என்பதால் அந்த 1 சதவீதமே வலை பின்னப் போதுமாகிறது.

அடிப்பாலிமரும் கணக்கில் வரும். பாலிப்ரொப்பிலீன் இறுகும்போது அதன் படிகங்கள் கார்பனை வெளியே தள்ளுகின்றன. கார்பன் எல்லாம் படிகமற்ற பகுதியில் நெருங்கிச் சேர்வதால் குறைந்த அளவே போதும். படிகமே இல்லாத பாலிகார்பனேட்டில் அந்த உதவி கிடைக்காது.

திருப்புமுனைக்கு மிக அருகில் கலவையை நிறுத்தாதீர்கள். அங்கே கார்பன் அரை சதவீதம் குறைந்தாலும் மின்தடை ஆயிரம் மடங்கு ஏறக்கூடும். வாசலைத் தாண்டி இரண்டு மூன்று சதவீதமாவது உள்ளே போனால்தான் ஒவ்வொரு லாட்டும் ஒரே மாதிரி வரும். அதற்கான விலையையும் தர வேண்டியிருக்கும்: கார்பன் 20 சதவீதத்தை நெருங்கும்போது உருகல் கெட்டியாகி ஓட்டம் குறையும், பாகம் எளிதில் உடையும். ஹோமோபாலிமருக்கு (ஒரே அலகால் ஆன பாலிமர்) பதில் கோபாலிமர் (இரண்டு அலகுகள் கலந்தது) எடுத்து, கொஞ்சம் எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற பாலிமர்) சேர்ப்பது வழக்கமான பரிகாரம்.

கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாம் கடத்துமா?

கடத்தாது. கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) தண்ணீர்க் குழாயில் 2.5 சதவீத அளவுக்குக் கார்பன் பிளாக் உண்டு. அது வெயிலின் புற ஊதாக்கதிரைத் தடுப்பதற்கு. துகள்கள் நன்றாகப் பிரிந்து ஒன்றையொன்று தொடாமல் கிடப்பதால் குழாய் நல்ல மின்காப்பாகவே இருக்கும். நிறத்தை நம்பி நிலைமின் பாதுகாப்புக்குப் பெட்டி வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

இளஞ்சிவப்பு நிறப் பைகள் வேறு வகை. அவற்றில் கார்பனே இல்லை. உள்ளே கலந்த வேதிப்பொருள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, மெல்லிய ஈரப்படலம் ஒன்றை உண்டாக்குகிறது. கடத்துவது அந்த ஈரம். மழைக்காலச் சென்னையில் சோதித்தால் அருமையான எண் கிடைக்கும். அதே பையை ஏசி அறையின் வறண்ட காற்றில் வைத்தால் மின்தடை ஏறிவிடும். மாதங்கள் போகப்போக அந்த வேதிப்பொருளும் தீர்ந்துபோகும். சில ரகங்களில் உள்ள அமீன் பாலிகார்பனேட் பாகங்களில் விரிசல் உண்டாக்கும். ஆகவே அதில் எதைச் சுற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறமும் வேண்டும், ஈரத்தை நம்பவும் கூடாது என்றால் மின்னேற்றத்தை நிரந்தரமாகச் சிதறடிக்கும் (மெதுவாக வடியவிடும்) பாலிஈதர் வகைப் பாலிமரைக் கலக்கலாம். சாம்பல் நிறம் போதும் என்றால் எஃகு இழை.

எவ்வளவு கடத்தினால் போதும்? அதிகம் கடத்தினால் நல்லதுதானே?

இல்லை. மின்னணு பாகங்களுக்கான பெட்டிகளிலும் தட்டுகளிலும் மேற்பரப்பு மின்தடை 10⁴ ஓமுக்குக் கீழே என்றால் கடத்தும் ரகம். 10⁴ முதல் 10¹¹ ஓம் வரை சிதறடிக்கும் ரகம். 10¹¹ ஓமுக்கு மேல் மின்காப்பு. ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61340 வரிசைத் தரங்கள் இப்படித்தான் பிரிக்கின்றன.

மனிதர் ஒருவர் நிலைமின் அதிர்ச்சியை உணரவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். பல சிப்புகள் நூறு வோல்ட்டிலேயே பழுதாகும். கையில் ஒன்றும் தெரியாமலே சிப் செத்துப்போகும். இதைத் தடுக்கத்தான் மின்னேற்றம் மெதுவாக வடிய வழி செய்கிறோம். ‘மெதுவாக’ என்பது இங்கே முக்கியம். மின்னேற்றம் பெற்ற சிப் ஒன்றை மிக நன்றாகக் கடத்தும் தட்டில் வைத்தால், சிப்பின் உலோகக் கால் தட்டில் பட்ட கணத்தில் மொத்த மின்னேற்றமும் ஒரே பாய்ச்சலில் வெளியேறும். அந்தப் பாய்ச்சலே சிப்பைக் கொல்லும். சிப் நேரடியாகப் படும் இடத்துக்கு 10⁵ முதல் 10⁹ ஓம் வரையிலான பொருளே பொருத்தம். வெளிப்பெட்டிக்கு 10⁴ ஓம் பரவாயில்லை. எதுவானாலும் எர்த்துடன் தொடர்பு இருக்க வேண்டும். ரப்பர் சக்கர வண்டியில் நிற்கும் கடத்தும் பெட்டியிலிருந்து மின்னேற்றம் எங்கும் வடியாது.

மல்டிமீட்டரால் அளந்தால் போதாதா? ‘ஓபன்’ என்றே காட்டுகிறது.

போதாது. முதல் காரணம், மல்டிமீட்டரின் அளவு பெரும்பாலும் சில பத்து மெகாஓமோடு முடிந்துவிடும். இரண்டாவது, வார்த்த பாகத்தின் மேல்தோலில் கார்பன் குறைந்த, பிளாஸ்டிக் மிகுந்த மெல்லிய படலம் இருக்கும். ஊசிமுனை அந்தப் படலத்தில்தான் நிற்கிறது. அழுத்தினால் ஒரு எண், லேசாக வைத்தால் வேறு எண்.

மேற்பரப்புக்கு வட்ட எலெக்ட்ரோடு பயன்படுத்த வேண்டும். நடுவே ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒரு வளையம், அடியில் கடத்தும் ரப்பர், மொத்த எடை சுமார் 2.3 கிலோ. மாதிரியைத் துடைத்து, 23 டிகிரி செல்சியஸில், 12 சதவீத ஈரப்பதத்தில் 48 மணிநேரம் வைத்திருங்கள். வறண்ட அறை இல்லையென்றால் குறைந்தபட்சம் அன்றைய ஈரப்பதத்தையாவது பதிவு செய்யுங்கள். முதலில் 10 வோல்ட் கொடுத்து 15 விநாடி கழித்துப் படியுங்கள். 10⁶ ஓமுக்குக் கீழே வந்தால் அதுவே விடை. அதற்கு மேல் என்றால் 100 வோல்ட்டுக்கு மாற்றி மீண்டும் படியுங்கள். இந்த எலெக்ட்ரோடில் வரும் மின்தடையைப் பத்தால் பெருக்கினால் மேற்பரப்பு மின்தடைத்திறன் கிடைக்கும். ஒருவர் மின்தடையையும் மற்றவர் மின்தடைத்திறனையும் எழுதிவிட்டு, பத்து மடங்கு வித்தியாசத்துக்குச் சண்டை போடுவது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே வழக்கமாக நடக்கும் ஒன்று.

உள்ளே எப்படி என்று பார்க்க, பட்டை ஒன்றை வெட்டி, வெட்டிய இரு முனைகளிலும் வெள்ளிப் பெயின்ட் பூசி, காய்ந்தபின் மின்தடையை அளந்து, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுங்கள். மேற்பரப்பு எண் மோசமாகவும் உள் எண் நன்றாகவும் இருந்தால் கலவையில் குறையில்லை. குறை மோல்டிங்கில் இருக்கிறது.

குருணை சரியாக இருந்தும் மோல்டிங் செய்த பாகம் கடத்தவில்லை. எதைச் சரிபார்ப்பது?

வேகத்தை. உருகல் அச்சுக்குள் பாயும்போது சுவரோரம் கடுமையாக இழுபடுகிறது. கார்பன் வலை அறுந்து, துகள்களும் நானோகுழாய்களும் ஓட்டத்தின் திசையில் படுத்துவிடுகின்றன. குளிர்ந்த அச்சு அந்த நிலையிலேயே உறையவைத்துவிடும். நானோகுழாய்க் கலவையில் இது மிக மோசம். அழுத்தி வார்த்த தகட்டில் வந்த எண்ணைவிட இன்ஜெக்ஷன் பாகத்தில் பல ஆயிரம் மடங்கு மின்தடை கூடுவது உண்டு. உருகிய நிலையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் அறுந்த வலை தானாகவே மீண்டும் சேர்ந்துகொள்ளும். எனவே செய்ய வேண்டியது இது: இன்ஜெக்ஷன் வேகத்தைக் குறையுங்கள், உருகல் வெப்பத்தை அந்தப் பாலிமருக்கான வரம்பின் மேல்பாதிக்குக் கொண்டுபோங்கள், அச்சு வெப்பத்தை 20 முதல் 30 டிகிரி கூட்டிப் பாருங்கள். சுழற்சி நேரம் கூடும். அதைத் தவிர்க்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து பாகமாவது அளந்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

கேட் (உருகல் அச்சுக்குள் நுழையும் வாய்) சிறிதாக இருந்தால் அங்கேயே வலை கிழியும், பெரிதாக்குங்கள். இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் வெல்டு கோட்டில் இழைகள் குறுக்கே கோத்துக்கொள்வதில்லை, அங்கே மின்தடை எப்போதும் அதிகம். எர்த் திருகை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்தால் பாகத்தின் பாதி எர்த் ஆகாமல் நிற்கும்.

மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் அது ஈரம். கார்பன் பிளாக் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். சாதாரண பாலிப்ரொப்பிலீனை உலர்த்தத் தேவையில்லை என்ற பழக்கத்தில் இதையும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். 80 டிகிரியில் இரண்டு மூன்று மணிநேரம் உலர்த்துங்கள்.

இழைக் கலவை என்றால் எதிரி வேறு: உடைதல். பேக் பிரஷர் (உருகலுக்கு எதிராக ஸ்க்ரூவில் கொடுக்கும் அழுத்தம்) அதிகம் வைத்தால், ஸ்க்ரூ வேகமாகச் சுற்றினால், 6 மில்லிமீட்டர் இழை அரை மில்லிமீட்டர் துண்டுகளாகிவிடும். மறு அரைவையை (வீணான பாகங்களை அரைத்து எடுத்ததை) 10 சதவீதத்துக்கு மேல் சேர்த்தாலே எண் நகர ஆரம்பிக்கும். கலவை தயாரிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (உருக்கிக் கலந்து வெளியே தள்ளும் எந்திரத்தில்) கார்பன் பிளாக்கை உருகலுக்குள் பக்கவாட்டிலிருந்து ஊட்டுங்கள். தொடக்க ஹாப்பரிலேயே (ஊட்டுத் தொட்டியிலேயே) கொட்டினால் கடும் அரைப்பில் கிளைகள் முறிந்துபோகும். கலவை பளபளவென்று ஒரே சீராக இருக்கும், கடத்துவது மட்டும் குறைந்துவிடும். நிறத்துக்கான கலவையில் எது சிறப்போ அதுவே இங்கே கெடுதல்.

செம்புக் கம்பிக்கு மாற்றாகப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஒரு கணக்கு போடலாம். நல்ல கலவை ஒன்றின் மின்தடைத்திறன் 1 ஓம்-செமீ என்று வைத்துக்கொள்வோம். 10 செமீ நீளம், 1 செமீ அகலம், 1 மிமீ தடிமன் கொண்ட பட்டையின் மின்தடை 100 ஓம். 1 ஆம்பியர் செலுத்தினால் 100 வாட் வெப்பம், பட்டை உருகிவிடும். அதே அளவு செம்புப் பட்டைக்கு 0.00017 ஓம்தான். மின்னேற்றத்தை வடிக்கவும், உணரவும், மின்புலத்தைச் சீராக்கவும், சூடேற்றவும் இந்தப் பொருள் சரி. மின்சக்தியைச் சுமக்க அல்ல.

3டி பிரின்டருக்கு விற்கும் கடத்தும் பிஎல்ஏ இழைக்கும் இது பொருந்தும். கார்பன் கலந்த ரகங்களில் அதன் மின்தடைத்திறன் பெரும்பாலும் பத்து ஓம்-செமீ அளவில் இருக்கும். அடுக்குகளுக்குக் குறுக்கே இன்னும் சில மடங்கு ஏறும். தொடு பொத்தானுக்கு நன்று. எல்ஈடி ஒன்றை மங்கலாக எரிய வைக்கலாம். சால்டர் பிடிக்காது. சூடாக்கிய செம்புக் கம்பியை உள்ளே அழுத்திப் பதிப்பதே நம்பகமான இணைப்பு.

அப்படியானால் எங்கேதான் பயன்படுகிறது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மின்னணு ஆலைகளில் சர்க்யூட் போர்டுகளை ஏந்தும் கறுப்புத் தட்டுகளில், டிவி ரிமோட் பொத்தானின் அடியில் இருக்கும் கார்பன் ரப்பர் வில்லையில், கார்களின் பெட்ரோல் குழாய்களில். பெட்ரோல் வேகமாக ஓடும்போது குழாய்ச் சுவரில் மின்னேற்றம் சேரும். உட்படலம் கடத்தாவிட்டால் பொறி பறந்து குழாயையே துளைக்கும். கார்பன் நானோகுழாய்களுக்குக் கிடைத்த முதல் பெரிய சந்தையே இந்தக் குழாய்கள்தான்.

ஆனால் அதிகம் பேசப்படாத, மிகப் பெரிய பயன்பாடு மண்ணுக்கடியில் இருக்கிறது. 11 கேவி (கிலோவோல்ட்) எக்ஸ்எல்பிஇ (குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன்) கேபிளை வெட்டிப் பார்த்தால் வெள்ளை மின்காப்புக்கு உள்ளேயும் வெளியேயும் கறுப்புப் படலம் தெரியும். அது கார்பன் பிளாக் நிறைந்த பாலிமர். முறுக்கிய கம்பியின் மேடுபள்ளங்களில் மின்புலம் குவியும். நடுவே காற்றிடைவெளி இருந்தால் அங்கே நுண்ணிய மின்வெடிப்புகள் தொடங்கி மின்காப்பை அரிக்கும். உட்படலம் கம்பியை வழவழப்பான உருளையாக மாற்றிவிடுகிறது. மூன்று அடுக்குகளையும் ஒரே எக்ஸ்ட்ரூடர் தலையில் ஒரே நேரத்தில் வார்ப்பது, இடையே தூசும் காற்றும் புகாமல் இருக்கத்தான்.

கேபிள் ஜாயின்ட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: வெளிக்கறுப்பை உரிக்கும்போது கத்தி வெள்ளையில் பதியக் கூடாது. உரித்த இடத்தில் கறுப்புக் கறை துளிகூட மிஞ்சக் கூடாது. கரைப்பான் நனைத்த துணியால் வெள்ளையிலிருந்து கறுப்பை நோக்கி ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியை வீசிவிட வேண்டும். திரும்பத் தேய்த்தால் கார்பன் வெள்ளையில் பரவி, மின்சாரம் ஊர்ந்துபோக நாமே பாதை போட்டுக் கொடுத்தது போலாகும். ஜாயின்ட் சில மாதத்தில் வெடிக்கும்போது பழி கேபிள் மேல் விழும்.

தானாக மீளும் ஃபியூஸ் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இதேதான். எச்டிபிஇயில் கார்பன் பிளாக்கை நிறைத்து, இரு பக்கமும் உலோகத் தகடு ஒட்டிய வில்லை அது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் சூடாகிறது. சுமார் 125 டிகிரியில் பாலிஎத்திலீன் படிகங்கள் உருகி, பொருள் விரிந்து, கார்பன் சங்கிலிகள் விலகுகின்றன. மின்தடை ஆயிரக்கணக்கான மடங்கு ஏறி மின்னோட்டம் ஒடுங்குகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் ஆறி, மீண்டும் படிகமாகி, பாதை திரும்புகிறது. உருகியபின் வடிவம் குலையாமலிருக்கக் கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்திருப்பார்கள்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். 0.5 ஆம்பியரைத் தாங்கும் வில்லை சுமார் 1 ஆம்பியரில்தான் விலகும் (மின்னோட்டத்தை ஒடுக்கும்), அதுவும் உடனே அல்ல. 60 டிகிரிப் பெட்டிக்குள் அந்தத் தாங்குதிறன் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஒருமுறை விலகி மீண்டபின் அதன் மின்தடை பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. சர்க்யூட்டை வடிவமைக்கும்போது டேட்டா ஷீட்டில் உள்ள விலகலுக்குப் பிந்திய எண்ணையே எடுங்கள்.

நோபல் பரிசு பெற்ற வகை என்ன?

1977-இல் ஹிடேகி ஷிரகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைப் பட வைத்தபோது கடத்துதிறன் சுமார் 1 கோடி மடங்கு உயர்ந்தது. 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பாலிஅசிட்டிலீனின் கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருகின்றன. அதனால் எலெக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவ முடியும். ஆனால் எல்லா இடமும் நிரம்பியிருக்கும்வரை நகர இடமில்லை. அயோடின் சில எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, காலியிடம் பிறக்கிறது, ஓட்டம் தொடங்குகிறது. காற்றில் கெட்டுப்போவதால் பாலிஅசிட்டிலீன் சந்தைக்கு வரவில்லை.

சந்தைக்கு வந்தவை இதே வகைப் பாலிமர்களான பாலிபிர்ரோல், பாலிஅனிலின், பெடாட். கம்ப்யூட்டர் மதர்போர்டில் தலை தட்டையாக நிற்கும் திடக் கப்பாசிட்டர்களுக்குள் பெடாட் அல்லது பாலிபிர்ரோல்தான் இருக்கிறது. திரவ எலெக்ட்ரோலைட்டைப் போல் அது உலராது, அதன் உள் மின்தடை சில மில்லிஓம்கள் மட்டுமே. பெடாட்டைப் பாலிஸ்டைரீன் சல்ஃபோனிக் அமிலத்துடன் சேர்த்தால் நீரில் கலந்து பூசத்தக்க நீல மையாகும். அப்படியே பூசினால் கடத்துதிறன் குறைவு. 5 சதவீதம் டைமெதில் சல்ஃபாக்சைடோ எத்திலீன் கிளைக்காலோ சேர்த்துப் பூசி 120 டிகிரிக்கு மேல் உலர்த்தினால் பல நூறு மடங்கு கூடும். அந்த மையின் அமிலத்தன்மை கடுமையானது, உலோகத் தொடர்புகளை அரிக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா?

பாலிஅனிலின் செய்யலாம். 2.59 கிராம் அனிலின் ஹைட்ரோகுளோரைடை நீரில் கரைத்து 50 மில்லி ஆக்குங்கள். 5.71 கிராம் அமோனியம் பெர்சல்ஃபேட்டை இன்னொரு குடுவையில் அதேபோல் 50 மில்லி ஆக்குங்கள். இரண்டும் அறை வெப்பநிலையில் ஒரு மணிநேரம் இருக்கட்டும். பிறகு ஒன்றாக ஊற்றிச் சற்றே கலக்கி விட்டுவிடுங்கள். சில நிமிடங்களில் நீலமாகி, சூடேறி, கரும்பச்சை வீழ்படிவு வரும். மறுநாள் வடிகட்டி, 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் அசிட்டோனாலும் கழுவி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். சுமார் 2 கிராம் கிடைக்கும். வில்லையாக அழுத்தி அளந்தால் ஒரு செமீக்குச் சில சீமென்ஸ் (கடத்துதிறனின் அலகு) வரும். வெறும் தண்ணீரால் கழுவினால் அமிலம் போய்க் கடத்துதிறன் விழும். அதே வில்லையை அமோனியா கரைசலில் போட்டால் நீலமாகி, கடத்துதிறன் நூறு கோடி மடங்கு அளவுக்குச் சரியும். அமோனியா உணரிகள் இந்தக் குணத்தையே பயன்படுத்துகின்றன. அனிலின் உப்பு தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சு. கையுறையும் புகைக்கூண்டும் இல்லாமல் தொடாதீர்கள்; கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.